அம்மாவுக்கு எப்போது பள்ளிக்கூடம் திறந்தது?

2021-ம் வருஷம் நவம்பர் 1, திங்கட்கிழமை. தீபாவளிக்கு மூன்றே நாள் பாக்கி. அன்றைக்குத்தான் தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பள்ளிக்கூடங்களைத் திறந்தார்கள்.

"இத்தனை மாசம் பொறுத்தவய்ங்க, தீபாவளி முடியவும் திறந்தா என்னவாம்?" என்று சலித்துக்கொண்டார் எங்க வீட்டுக்காரர். பாவம், அவருக்கு விஷயம் புரியவில்லை. அன்று காலை ஒன்பது மணிக்குப் பரமக்குடியில் எந்தத் தெருமுனையில் நின்றிருந்தாலும் தெரிந்திருக்கும். தாய்மார்களுக்கு அன்றைக்கே தீபாவளி!

பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட வாசலில் பூக் கொடுத்தார்கள். மிட்டாய் கொடுத்தார்கள். பேப்பரில் போட்டோ வந்தது. பத்தொன்பது மாதத்துக்கு மேல் வீட்டில் கிடந்த பிள்ளைகள் எந்தெந்த எழுத்தை மறந்தார்கள், வாய்ப்பாடு எதுவரை நிற்கிறது என்று அப்புறம் கணக்கெடுத்தார்கள். எடுக்க வேண்டியதுதான், குற்றம் சொல்லவில்லை. ஆனால் அதே பத்தொன்பது மாதம் அந்தப் பிள்ளைகளோடு நாலு சுவருக்குள் இருந்த அம்மாவை யாராவது கூப்பிட்டு, "நீ எப்படிம்மா இருக்கே?" என்று கேட்டார்களா? எங்கள் தெருவில் யாரும் கேட்டு நான் பார்க்கவில்லை. பிள்ளையின் மனசு வேறு, தாயின் மனசு வேறு என்று இரண்டு தனித்தனி நோட்டில் எழுதிவைக்கிற விஷயமா இது? இல்லை என்பதை எங்கள் தெருப் பையன் ஒருவன்தான் காட்டிக்கொடுத்தான். அவன் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

பள்ளிக்கூடம் என்றால் படிப்பு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். 2020 மார்ச்சில் பூட்டு விழுந்த பிறகுதான், அது சத்தமில்லாமல் என்னென்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தது என்று தெரிந்தது. மதியம் ஒரு வேளை சோறும் முட்டையும் போட்டது. சண்டை போட நாலு பேர், சேர்ந்துகொள்ள நாலு பேர் கொடுத்தது. "நல்லா வரையுறியேடா!" என்று சொல்ல ஒரு டீச்சரைக் கொடுத்தது. ஒன்பதிலிருந்து நாலு வரைக்கும் பிள்ளையின் கோபம், பசி, குறும்பு எல்லாவற்றையும் தன் கணக்கில் எழுதிக்கொண்டது. மார்ச் 25-ல் நாடு மொத்தமும் அடைத்தபோது இத்தனை உத்தியோகத்தையும் ஒரே ஆள் தலையில் கட்டினார்கள்.

அந்த ஆள் ஏற்கெனவே சும்மா உட்கார்ந்திருந்தவள் இல்லை. மத்திய அரசு 2019-ல், அதாவது கொரோனா என்ற பேரே தெரியாத காலத்தில், யார் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவழிக்கிறார்கள் என்று நாடு முழுக்க ஒரு கணக்கெடுத்தது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்குச் செலவழிப்பது நாளுக்குச் சராசரி 299 நிமிஷம். ஆண்கள்? 97 நிமிஷம். அதுவும் வீட்டு வேலை செய்கிற ஆண்களை மட்டும் சேர்த்து. அப்படிப்பட்டவர்கள் நூற்றுக்கு 26 பேர்தான்! இதைப் படித்துக் காட்டியதும் என் மதினி, "அந்த 26 பேரும் எந்த ஊர்க்காரவுகன்னு போட்டிருக்கா? பொண்ணு கொடுக்கலாம்ல!" என்றாள்.

எங்கள் வீட்டுக்கு வருகிறேன். அவருக்குப் பஜாரில் பாத்திரக்கடை. கடையை அடைத்த மூன்றாம் நாளே அவர் தன்னைத்தானே அடுப்படி மேற்பார்வை அதிகாரியாக நியமித்துக்கொண்டார். "ஏம்மா, பெருங்காயத்தை இப்பவா போடுவாக?" என்பார். பதினாலு வருஷமாக அதே நேரத்தில்தான் போடுகிறேன். அதைத்தான் அவரும் சாப்பிடுகிறார். காலை பத்து மணிக்குக் கபசுரக் குடிநீர் ஊற்றும்போது மட்டும் அதிகாரி மொட்டை மாடிக்குப் போய்விடுவார். பிள்ளைகளும் பின்னாலேயே.

சிரித்துக்கொண்டே சொல்கிறேன். அப்போது சிரிக்கவில்லை. எனக்குப் பதினோரு மணிக் காபி என்று ஒன்று இருந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடம், அவர் கடை, அத்தை கோயில் என்று வீடு காலியாகிற நேரம். திண்ணையில் உட்கார்ந்து, ஆறினாலும் பரவாயில்லை என்று குடிக்கிற காபி. அந்த இருபது நிமிஷத்தில் நான் யாருக்கும் அம்மா இல்லை, மருமகள் இல்லை, சம்சாரம் இல்லை. அந்த இருபது நிமிஷம்தான் மீதி நாளைத் தாங்கிப் பிடித்த தூண் என்று அது போன பிறகுதான் தெரிந்தது. ஏப்ரல், மே, ஜூன் என்று போகப் போக, தட்டு கீழே விழுந்தால்கூடத் திடுக்கென்று அழுகை வரும். இரவு தூக்கம் வராது. பகலில் தலைவலி. "வெயில் ஒத்துக்கலை" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பரமக்குடியில் பிறந்தவளுக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லையாம்!

உலகம் முழுக்க இதே கதைதான் என்று பிறகு தெரிந்தது. பெருந்தொற்றின் முதல் வருஷத்தில் மட்டும் மனப்பதற்றமும் மனச்சோர்வும் உலக அளவில் 25 சதவிகிதம் கூடியது என்று உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் சொன்னது. 2021-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு, 2020-ல் கூடுதலாகச் சேர்ந்த மனச்சோர்வு நோயாளிகள் சுமார் 5.3 கோடி, பதற்ற நோயாளிகள் 7.6 கோடி என்று மதிப்பிட்டது. இரண்டிலுமே அடி அதிகம் விழுந்தது பெண்களுக்கும் இளவயதுக்காரர்களுக்கும். ஆக, வெயில் மேல் பழி போட்டவள் நான் ஒருத்தி மட்டும் இல்லை.

வைகைப் பாலத்தைத் தாண்டினால் எமனேஸ்வரம். சௌராஷ்டிரா மக்கள் நிறைய இருக்கிற நெசவு ஊர். பரமக்குடிக் கைத்தறிச் சேலை கட்டியவர்களுக்கு அந்த ஊரின் கைவேலை தெரியும். அங்கே காலையில் தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்கும். கோழி கூவுவதற்குப் பதில் அதுதான். லாக்டவுனில் அந்தச் சத்தம் நின்றது. ரயில் இல்லை, ஜவுளிக்கடை இல்லை, கல்யாணம் என்றால் வீட்டு ஆட்கள் மட்டும். நெய்த சேலை வாங்க ஆளில்லாதபோது, அடுத்த சேலைக்குப் பாவு எங்கிருந்து வரும்?

நெசவு வீட்டில் இன்னொரு சங்கதி. வேலை செய்கிற இடமும் குடியிருக்கிற இடமும் ஒன்றுதான். முன் அறையில் தறி, பின்னால் அடுப்படி. புருஷன் நெய்வார், பெண்டாட்டி ராட்டையில் தார் சுற்றிக் கொடுப்பார். நின்றுபோன தறிக்கு முன்னால் நாள் முழுக்கக் கையைக் கட்டி உட்கார்ந்திருக்கிற ஆண், விளையாட இடமில்லாமல் தறிக்குழியில் இறங்கி ஏறுகிற பிள்ளை, அரிசி எத்தனை நாளைக்கு வரும் என்று மனசுக்குள்ளேயே படியளந்து பார்க்கிற பெண். இந்த மூன்று பேரும் ஒரே அறையில். அந்த அறையில் கோபம் யார் மேல் போய் விழும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஊரடங்கு ஆரம்பித்த சில வாரங்களிலேயே, வீட்டில் நடக்கிற அடி உதை பற்றிய புகார்கள் கூடிவிட்டன என்று தேசிய மகளிர் ஆணையம் சொன்னது. வாட்ஸப்பில் புகார் செய்யத் தனி நம்பரே கொடுத்தார்கள். வீட்டில் இருப்பது ஒரே போன், அது புருஷன் சட்டைப் பையில் என்றால் என்ன செய்வதாம்?

தலைப்பிரசவக்காரிகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நம் பக்கம் தலைப்பிரசவம் என்றால் தாய்வீடுதான். 2020-ல் மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டும். அந்த வருஷம் ஆகஸ்ட் கடைசி வரை அந்தக் கூத்து நடந்தது. கல்யாணத்துக்கு உண்டு, சாவுக்கு உண்டு, அவசர வைத்தியத்துக்கு உண்டு. "எங்க அம்மா மடியில படுக்கணும்" என்பதற்கு அந்தப் பாரத்தில் கட்டம் இல்லை. எங்கள் தெருப் பெண் ஒருத்தி திருப்பூரில் பிரசவித்தாள். பேறுகாலம் பார்க்க வேண்டிய அம்மா இங்கே பரமக்குடியில் காயம் இடித்து டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டு, வீடியோ காலில் பேரனைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார்.

இந்தியாவில் பிரசவித்த பெண்களில் நூற்றுக்கு 22 பேருக்கு மனச்சோர்வு இருப்பதாக, நாட்டின் பல ஆய்வுகளைத் தொகுத்து உலக சுகாதார நிறுவனத்தின் இதழ் 2017-லேயே வெளியிட்டிருக்கிறது. தாய்வீடும், எண்ணெய்க் குளியலும், சுற்றி நாலு பெண்களும் இருந்த காலத்துக் கணக்கு அது. இவை எதுவுமே இல்லாமல் பெற்றவர்களை நினைத்துப் பாருங்கள்.

இப்போது அந்தப் பையன். பள்ளிக்கூடம் மூடியபோது எட்டு வயசு, மூன்றாம் வகுப்பு. எமனேஸ்வரத்திலிருந்து எங்கள் தெருவுக்குக் குடிவந்த நெசவு வீட்டுப் பிள்ளை. வாய் ஓயாமல் பேசுவான். ஆற்று மணலில் கிரிக்கெட் ஆடிவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து தண்ணீர் கேட்பான். பள்ளி திறந்த முதல் வாரம் ஒழுங்காகப் போனான். அப்புறம் தினமும் காலை எட்டரைக்கு வயிற்றுவலி ஆரம்பித்தது. சனி, ஞாயிறு வராது. லீவு நாளில் வராது. திங்கட்கிழமை கடிகாரம் பார்த்து வந்துவிடும்.

"பள்ளிக்கூடத்துக்குக் கள்ளத்தனம் பண்றாய்ன்" என்றார்கள். பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். குடல் தட்டினார்கள். மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். வயிற்றை ஸ்கேன் எடுத்தார்கள். கூட்டுறவுச் சங்கத்தில் வரவேண்டிய கூலியில் பாதி அதற்கே போனது. பையனுக்கு ஒன்றுமில்லை. ஆனால் ராத்திரி படுக்கையை நனைக்க ஆரம்பித்தான். ஒன்பது வயசு தாண்டிய பிள்ளை.

மதுரையில் ஒரு குழந்தை வைத்தியர். துணைக்கு நானும் போயிருந்தேன். அவர் பையனிடம் ரொம்ப நேரம் பேசினார். பிறகு அவனை வெளியே அனுப்பிவிட்டு அந்த அக்காவிடம் கேட்டார்:

"நீங்க ராத்திரி தூங்குறீங்களாம்மா?"

அவ்வளவுதான். அக்காவுக்கு எங்கிருந்து வந்ததோ அழுகை, நிற்கவில்லை. நான் போய்த் தோளைப் பிடித்துக்கொண்டேன். "காலையில எந்திரிக்கவே வேண்டாம்னு தோணுது டாக்டர். இவன் ஒருத்தனுக்காகத்தான்..." என்று பாதியில் நிறுத்தினார். இரண்டு வருஷமாகப் பக்கத்து வீட்டில் இருக்கிறேன், எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தது ஒரே ஒரு ஆளுக்கு. அந்த ஆள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு வலித்தது வயிறு இல்லை. தான் பள்ளிக்கூடம் போய்விட்டால் வீட்டில் அம்மாவுக்கு என்ன ஆகுமோ என்ற பயம். அதைச் சொல்ல வார்த்தை தெரியாமல் வயிறு சொல்லியது.

டாக்டர் ஒரு பழைய சோதனையைப் பற்றிச் சொன்னார். 1970-களில் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் செய்தது. அம்மா முதலில் கைக்குழந்தையைக் கொஞ்சி விளையாட வேண்டும். பிறகு சில நிமிஷம் முகத்தில் எந்த அசைவும் காட்டாமல் குழந்தையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். திட்டுவதில்லை, அடிப்பதில்லை, எழுந்து போவதுமில்லை. முகம் மட்டும் சும்மா இருக்கும். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும். கையை நீட்டும். கத்தும். எதற்கும் பதில் இல்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாடிப்போகும். ஓரிரு நிமிஷத்துக்கே இந்தப் பாடு. நம் பிள்ளைகள் எத்தனை மாதம் அப்படி ஒரு முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்! அந்த முகத்துக்குக் காரணம் அம்மாவின் அன்பில்லாமை இல்லை. அசதி.

அதற்காக எல்லாப் பழியையும் தாய் தலையில் ஏற்றி, "நீ சிரிச்ச முகமா இரு" என்று உபதேசம் செய்யக் கிளம்பிவிடாதீர்கள். அதைவிடக் கொடுமை இல்லை. அந்த அக்காவுக்கு வேண்டியிருந்தது தூக்கம், கொஞ்ச நாள் மாத்திரை, காது கொடுத்துக் கேட்க ஆள், அப்புறம் தறிக்குப் பாவு. நாலும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடைத்தது. மாத்திரைக்குத்தான் வீட்டில் பெரிய ரகளை.

"எங்க வீட்டுப் பொம்பளைக்குப் பைத்தியமா?" என்றார் அவருடைய மாமனார். அவரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்தில் மனசு சரியில்லை என்றால் ஜனங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி விடியற்காலை அங்கே ஒரு காப்பகத்துக் கொட்டகையில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு சட்டம் மாறியது, காப்பகங்களை மூடினார்கள். ஆனால் சங்கிலி ஊரார் கண்ணைவிட்டுப் போகவில்லை. "தலைவலி" என்று சொல்கிற பெண்ணுக்குச் சுக்குக் காபி கிடைக்கும். "மனசு வலிக்குது" என்றால் என்ன கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் தலைவலி, இடுப்பு வலி, கைகால் குடைச்சல் என்று உடம்பு பேரில்தான் மனு கொடுப்பாள்.

பிள்ளைகளும் அதே பாடத்தைக் கற்றுக்கொள்கிறார்கள். 2021-ல் யுனிசெஃப் வெளியிட்ட அறிக்கை பல நாடுகளில் 15 வயதிலிருந்து 24 வயது வரை உள்ளவர்களிடம் கேட்டது: மனசுக்குக் கஷ்டம் வந்தால் அடுத்தவர் உதவியைத் தேடுவது நல்லதா? 21 நாடுகளின் சராசரியில் நூற்றுக்கு 83 பேர் நல்லது என்றார்கள். இந்தியாவில் 41 பேர்தான்.

இரண்டாம் அலை இன்னொரு கணக்கையும் விட்டுப்போனது. 2020 ஏப்ரல் முதல் 2022 ஜனவரி வரை நாடு முழுக்க 1,36,910 குழந்தைகள் தாய் தகப்பனில் ஒருவரை இழந்திருந்தார்கள்; 10,094 பேர் இருவரையுமே. உச்ச நீதிமன்றத்தில் குழந்தைகள் உரிமை ஆணையம் கொடுத்த எண்ணிக்கை இது. தமிழக அரசு 2021 மே மாதம், இருவரையும் இழந்த பிள்ளைக்கு 5 லட்சமும் ஒருவரை இழந்த பிள்ளைக்கு 3 லட்சமும் அறிவித்தது. நல்ல காரியம். அப்பா போன வீட்டில் அந்த மனு எழுதியது யார்? தாலி இறங்கிப் பதினாறு நாள் முடியாத தாய். ஜெராக்ஸ் கடை வாசலில் இறப்புச் சான்றிதழைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். கூடவே பிள்ளையும் நிற்கும், அம்மா முகத்தையே பார்த்தபடி.

சரி, எங்கள் தெருவில் எது உதவியது? நான் எதிர்பார்க்காத ஒன்று. 2021 அக்டோபர் 27-ல் அரசு 'இல்லம் தேடிக் கல்வி' என்று ஆரம்பித்தது. சாயங்காலம் அஞ்சு மணியிலிருந்து ஏழு மணிக்குள், தெருவிலேயே ஒரு தன்னார்வலர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டும். மாதம் 1,000 ரூபாய். விட்ட படிப்பைப் பிடிக்கத்தான் திட்டம். வந்து சேர்ந்தது பெரும்பாலும் பெண்கள். டிகிரி முடித்து, கல்யாணமாகி, அடுப்படியோடு சரி என்று இருந்த பெண்கள்! எங்கள் தெருவில் ஒரு மருமகள் சேர்ந்தாள். முதல் மாதப் பணத்தில் தனக்கென்று ஒரு பேனாவும் கைப்பையும் வாங்கினாள். "மிஸ்" என்று பிள்ளைகள் கூப்பிடும்போது அவள் நடையே மாறிப்போனதைப் பார்த்தேன். படிப்பு எவ்வளவு ஏறியது என்று அதிகாரிகள் அளந்திருப்பார்கள். பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு, மற்ற அம்மாக்கள் வாசல்படியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஊர்க்கதை பேசினார்களே, அதை அளக்க எந்தப் பாரமும் இல்லை. என்னைக் கேட்டால் பாதி வைத்தியம் அந்தப் படியில்தான் நடந்தது. மாமியாரைப் பற்றி மனம்விட்டுப் பேசுவதற்கு ஈடான மருந்து உலகத்தில் உண்டா? (எங்க அத்தை இந்தப் பத்திரிகை படிப்பதில்லை.)

2022 அக்டோபர் 10-ல் வந்தது 14416 என்ற டெலி-மானஸ் நம்பர். காசு கிடையாது, எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். நாங்கள் நாலைந்து பேர் அதை அட்டையில் எழுதி ரேஷன் கடைக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினோம். 'மனநலம்' என்று எழுதினால் ஒருத்தியும் நின்று பார்க்க மாட்டாள் என்று, "தூக்கம் வரலையா? இந்த நம்பருக்குப் பேசுங்க" என்று எழுதினோம். அன்று சாயங்காலமே இரண்டு பெண்கள் தங்கள் போனில் அதைப் படம் எடுப்பதைப் பார்த்தேன். ஒரு ஆண்கூட, பீடியைப் பற்றவைக்கிற சாக்கில் நின்று, நம்பரை முணுமுணுத்துக்கொண்டே போனார்.

பையனுக்கு வயிற்றுவலி எப்போது நின்றது என்று யாரும் தேதி குறிக்கவில்லை. அம்மா தூங்க ஆரம்பித்து ஒரு மாதம் இருக்கும். இப்போது என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டான். குரல் உடைந்துவிட்டது. தண்ணீர் கேட்க வருவதில்லை, வெட்கம்.

அக்காவுக்கு ஒரு வழக்கம் வந்திருக்கிறது. சாயங்காலம் நாலரை மணிக்கு ராட்டையை நிறுத்திவிட்டு, முகம் கழுவி, பாலத்துப் பக்கம் நடந்து போவார். பையில்லை, தூக்குச்சட்டி இல்லை, கடைக்கும் இல்லை, கோயிலுக்கும் இல்லை. ஆரம்பத்தில் மாமனார் தினமும் கேட்பார்: "எங்கத்தா கிளம்பிட்டே?"

"சும்மா போறேன் மாமா" என்பார் அக்கா, செருப்பை மாட்டிக்கொண்டே.

இப்போதெல்லாம் அவர் கேட்பதில்லை.